தார்ன்பெக்கில் இறங்கி ஏறுதல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு ரயில் பெட்டிக்குள் கிடைத்தது. வண்டி ஒரு சிறிய நிலையத்தில் நின்றது. எதிர் இருக்கையில் இருந்த அம்மாள் எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தில் இறங்கினார். கையிலிருந்த டிக்கெட்டைப் பைக்குள் வைத்தார். வேறொரு டிக்கெட்டை வெளியே எடுத்தார். இறங்கிய கதவு வழியாகவே ஏறி, எழுந்த இருக்கையிலேயே வந்து உட்கார்ந்து, பொத்தான்களைக் கழற்றினார்.

எனக்கு விஷயம் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. இங்கே, இங்கிலாந்தில், நீண்ட தூரத்துக்கு ஒரே டிக்கெட் வாங்குவதைவிட, நடுவில் ஓர் ஊரில் வெட்டி இரண்டாக வாங்கினால் விலை குறைவு. ஏன் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. வெட்டிய ஊரில் வண்டி நின்றால் போதும். பயணி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அந்த அம்மாளுக்கு அது தெரியவில்லை. அல்லது தெரிந்தும் இறங்கினார்.

கேட்டிருக்கலாம். முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வராது. ஆகவே இறங்கி ஏறியது மட்டும் நான் பார்த்தது. இனி வருவதெல்லாம், ஊர்ப் பெயர்கள் உட்பட, நானாகச் செய்தது. பார்த்த அம்மாளை 'அவர்' என்று எழுதினேன். செய்த பெண்ணை 'அவள்' என்று எழுதப் போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது.

2

முதல் வரிகள்:

*கிளெண்டா ஆஷ்வொர்த் ரயில் ஏறியபோது மழை பெய்துகொண்டி—*

வேண்டாம். லங்காஷயரில் மழை பெய்தது என்று எழுதுவதும், அன்றைக்கு ஒரு கிழமை இருந்தது என்று எழுதுவதும் ஒன்றுதான்.

*ஒரு தாயின் மனம் எப்போதும்—*

இதுவும் வேண்டாம்.

*ஆல்டர்வெல் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் கிளெண்டா கிண்டிய கஸ்டர்டில் ஒருபோதும் கட்டி விழுந்ததில்லை.*

இது இருக்கட்டும். இதைப் படித்தபோது அவளை எனக்குப் பிடித்துப் போயிற்று. அறுபதை நெருங்குகிறாள். ஏஜென்சி மூலம் வந்த வேலை. பள்ளி விடுமுறையில் சம்பளம் கிடையாது. ஒரே மகன் க்ரெய்க், ஹால்டன் ஊர்ச் சிறையில் இருக்கிறான். மாதம் ஒரு சனிக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறாள். பார்வையாளர்களுக்கான கதவு இரண்டு மணிக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு யார் வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஜூலையில் பள்ளி மூடுகிறது. ஆகஸ்டில் ஹால்டன் போகப் பணம் வேண்டும். கதை இதைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றியாவது போலத் தெரிந்தால், அது என் கைக்கோணல்.

(சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு உதவி உண்டு. கிளெண்டாவின் சம்பளம் அந்த வரம்பை மயிரிழையில் தாண்டிவிடுகிறது. எழுதுகிறவள் என்ற முறையில் நான் அவள் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். குறைத்தால் கதை இல்லை. இந்தத் தொழிலில் இரக்கம் இப்படித்தான்.)

3

ஆல்டர்வெல்லிலிருந்து தார்ன்பெக் வரை ஒரு டிக்கெட். தார்ன்பெக்கிலிருந்து ஹால்டன் வரை இன்னொன்று. இப்படி வெட்டி வாங்கச் சொல்லிக்கொடுத்தவள் மொய்ரா. சமையலறையில் கிளெண்டாவுக்குப் பக்கத்து அடுப்பு. வாங்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். எப்படிப் போவது என்று அவள் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

முதல் தடவை தார்ன்பெக்கில் எழுந்து நின்றபோது ரயில் கார்டு வகாஸ் கதவருகே இருந்தார்.

"ஹால்டன்னு சொன்னீங்களே. இது தார்ன்பெக்."

"தெரியும் கண்ணு. டிக்கெட் இங்க முடியுது."

"அடுத்த டிக்கெட் கையில இருக்குல்ல?"

"இருக்கு. அது இங்கேருந்து ஆரம்பிக்குது. இங்கேருந்து ஏறணும்னா மொதல்ல நான் இங்க நிக்கணும்ல?"

வகாஸ் வாயைத் திறந்தார். "அப்படி எறங்கணும்னு இல்லீங்க. உக்காந்தே வரலாம்."

கிளெண்டா அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உனக்கு நல்ல மனசு. எனக்காக நீ மேல யார்கிட்டயும் திட்டு வாங்க வேணாம்."

சட்டத்தைத் தனக்காக அவர் வளைப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள். விளக்கிச் சொல்ல வகாஸுக்கு அப்போது நேரம் இல்லை. அடுத்த மாதம் நேரம் இருந்தது, மனம் வரவில்லை. அவள் இறங்கி நின்று டிக்கெட்டை மாற்றும்வரை அவர் கதவில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பார். வண்டி புறப்பட்டதும் பெட்டிக்குள் வருவார்.

"தார்ன்பெக்ல புதுசா ஏறுனவங்க யாராவது? டிக்கெட்."

"இதோ, நான் இப்பத்தான் ஏறுனேன்."

"அந்த ஊர்ல மழை எப்படி மேடம்?"

"அத ஏன் கேக்குற. ஆல்டர்வெல்லே தேவலாம்."

(வகாஸ் இவ்வளவு நல்லவராக இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவரை ஒரு முறை சிடுசிடுக்க வைத்துப் பார்த்தேன். அன்றைக்கும் கதவில் கால் இருந்தது. விட்டுவிட்டேன்.)

4

ஜூன் மாதச் சனிக்கிழமை.

தார்ன்பெக்குக்கு முன்பு வண்டி வயல்களுக்கு நடுவே நின்றுவிட்டது. தண்டவாளத்தில் ஆடுகள் ஏறியிருப்பதாகவும் அதற்காக மனமார வருந்துவதாகவும் ஒலிபெருக்கி சொன்னது. வெகு நேரம் கழித்து ஜன்னலோரத்துக் கிழவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார்.

"ஆட்டுக்கறிக்குத் தொட்டுக்கப் புதினா சாஸ் எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"உருளைக்கிழங்கு என் பையில இருக்கு," என்றாள் பின் இருக்கைப் பெண்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளெண்டா கடிகாரத்தைப் பார்த்தாள். சீக்கிரம் கிளம்பும் பழக்கம் அவளுக்கு உண்டு. இந்தத் தாமதத்தோடு போனாலும் இரண்டு மணிக் கதவைப் பிடித்துவிடலாம்.

வண்டி தார்ன்பெக் சேர்ந்தபோது இருபது நிமிடத்துக்கு மேல் தாமதம். வகாஸ் அன்றைக்கு விடுப்பில் இருந்தார், மகள் கல்யாணம். வேறொரு கார்டு, வண்டியின் மறுகோடியில், விட்ட நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தார். கிளெண்டா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். அன்றைக்கு மழை இல்லை. குடையை இருக்கையிலேயே விட்டிருந்தாள். டிக்கெட்டை மாற்றினாள். திரும்பினாள். கதவு மூடியிருந்தது.

கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். செய்தித்தாள் கிழவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து, கையை விரித்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவளுடைய குடையைத் தூக்கிக் காட்டினார்.

குடை ஹால்டனுக்குப் போயிற்று.

அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து வந்தது. சிறை வாசலில் இருந்த காவலர்ப் பெண் தலையை அசைத்தாள்.

"அடைச்சாச்சு கண்ணு. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"செய்ய வேணாம். நான் வந்தேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிடறியா?"

"சொல்றேன்."

"ரயில் லேட்டுன்னு சொல்லிடாத. நான் எறங்கிட்டேன்னு சொல்லு."

"எங்க எறங்குனீங்க?"

"அத விடு. வந்தேன்னு மட்டும் சொல்லு."

திரும்பும்போது ஹால்டன் நிலையத்தில் குடையைக் கேட்டு வாங்கினாள். எடுத்துக்கொடுத்தவர் அதில் கட்டியிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்தார். "உங்களுக்கு ரொம்ப முன்னாடியே வந்து உக்காந்துருக்கே."

"ஆமா," என்றாள் கிளெண்டா. "அது எறங்கல."

5

இந்த இடத்தில் கதை முடிந்துவிடுமோ என்று பயந்தேன். நல்ல வரி விழுந்தால் எழுதுகிறவர்களுக்கு அங்கேயே படுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஆகஸ்ட் இன்னும் அப்படியே இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை. சமையலறையில் ஃபிஷ் ஃபிங்கர் தட்டுகள் அடுப்பில். மொய்ரா உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்து கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, வண்டி லேட்டானா காசு திருப்பிக் குடுப்பாங்க. தெரியுமா, தெரியாதா?"

"ஆட்டுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

"ஆடா இருந்தா என்ன, ஆனையா இருந்தா என்ன, லேட்டு லேட்டுதான். ரெண்டு டிக்கெட்டையும் எடு. படம் புடிக்கணும்."

"லேட்டு மொத டிக்கெட்லதான் ஆச்சு. தார்ன்பெக்குக்கு முன்னாடி."

"அதனால என்ன? சேத்துத்தான் கேக்கணும். நீ எத்தனை துண்டு போட்டாலும் அவங்க கணக்குல அது ஒரே பயணம்."

கிளெண்டாவின் கரண்டி நின்றது. கஸ்டர்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினாள்.

"ஒரே பயணமா?"

"ஒரே பயணம். எழுதியே வெச்சிருக்கான் பாரு."

"அப்ப நான் எறங்க வேண்டியதே இல்லையா?"

"எங்க எறங்க வேண்டியது?"

கிளெண்டா சொன்னாள். மொய்ரா முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மூட்டையிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, சிரித்த சிரிப்பில் ஏப்ரன் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாசாமாசமா? மழையிலயுமா?"

"மழையில குடையோட."

"அடிப்பாவி. அந்தக் கார்டு சொல்லலையா?"

"சொன்னான். பாவம், எனக்காகப் பொய் சொல்றான்னு நெனச்சேன்."

(இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். இது ஒரே பயணம் என்றால்தான் அவள் இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்துக் கேட்க முடியும். ஒரே பயணம் என்றால் அவள் இறங்கியிருக்கக் கூடாது. இரண்டு பயணம் என்றால் இறங்கியது நியாயம். ஆனால் முதல் டிக்கெட்டுக்கு மட்டும்தான் கேட்க முடியும். இந்த முடிச்சை நான் போடவில்லை. எதிர் இருக்கை அம்மாள் போட்டுவிட்டுப் போனது.)

மொய்ரா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். வேலையில் இறங்கினாள்.

"கேளு. வண்டி இருபது நிமிஷம் சொச்சம் லேட்டு. அதுக்கு டிக்கெட் காசுல கால்வாசி குடுப்பான். நீ போய்ச் சேந்தது ஒரு மணி நேரத்துக்கு மேல லேட்டு. அதுக்குப் போற வழிக் காசு முழுசும். ஆகஸ்டுக்குப் போதும். சரியா?"

"ஆனா வண்டி—"

"இரு. நான் எழுதறேன். 'ரயில் தாமதமாகத் தார்ன்பெக் வந்தது. அடுத்த ரயில் போய்விட்டது. அதற்கடுத்த ரயிலில் போனேன்.' ரெண்டு டிக்கெட் இருக்கு. வண்டி மாறுனேன்னு அவனே நெனச்சுப்பான். இதுல எது பொய், சொல்லு."

கிளெண்டா விரல் விட்டு எண்ணினாள். "வந்தது, ஆமா. போயிருச்சு, ஆமா. போனேன், ஆமா." விரல் நின்றது. "அடுத்த ரயில் இல்லடி. அதே ரயில்."

"'அடுத்த'வ எடுத்துட்டேன். 'ரயில் போய்விட்டது.' இப்ப?"

கிளெண்டா மறுபடி படித்தாள். உதடு அசைந்தது.

"ஒவ்வொரு வார்த்தையும் நெசம்," என்றாள். "சேத்துப் படிச்சா பொய்."

"அதுக்குப் பேருதான் படிவம்."

6

மொய்ராவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்த மூன்று வாக்கியங்களை நானும் எழுதியிருப்பேன். ஒரு சொல்லை எடுத்ததும் மொத்தமும் திரும்பிக்கொள்கிற லாகவம், எனக்கே பொறாமையாக இருந்தது. கிளெண்டா ஏன் ஒப்புக்கொள்ளவில்லை?

அதற்கு க்ரெய்க் என்ன செய்தான் என்பது தெரிய வேண்டும். இதுவரை நான் அதைத் தீர்மானிக்கவில்லை. முதலில் மதுக்கடைச் சண்டை என்று எழுதினேன். அதில் கிளெண்டாவுக்கு வேலை இல்லை. பிறகு ஒரு கடையை உடைத்துத் திரு— அதுவும் ஒட்டவில்லை. கடைசியில், எழுதாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கழுத்து வந்தது.

அவன் காரைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்தது. உண்மையாகவே இடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் படிவம் நிரப்பும்போது கழுத்தும் வலிக்கிறது என்று எழுதினான். அது சமையலறை மேசையில் நடந்தது.

"வலிக்குதாடா?"

"ஒரு மாதிரி இருக்கும்மா."

ஒரு வாரம் ராத்திரியில் அவன் கழுத்துக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்து காட்டினான். வீடே தைல வாசனை. பணம் வந்தது. அடுத்த விபத்தை அவனே ஏற்பாடு செய்தான். அதற்கடுத்ததில் கூட்டாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் கழுத்து வலித்தது. நீதிமன்றத்தில் அந்தப் படிவங்களை ஒவ்வொன்றாக வாசித்தபோது கிளெண்டா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

இதை எழுதி முடித்தபோது அவளை நான் உண்டாக்கினேன் என்ற எண்ணம் போய்விட்டது. அவள் என்ன செய்வாள் என்று இனி நான் தீர்மானிக்க முடியாது. பார்க்கத்தான் முடியும்.

7

"குடு இங்க," என்றாள் கிளெண்டா.

மொய்ரா கைபேசியைக் கொடுத்தாள். கிளெண்டா கையைத் துடைத்துக்கொண்டு, மொய்ரா எழுதியதை அழித்துவிட்டு, ஒரே விரலால் தட்டினாள். வெகு நேரம் ஆயிற்று. மொய்ரா இரண்டு தட்டுகளை அடுப்பிலிருந்து எடுத்தாள். ஒன்றின் ஓரம் கருகியிருந்தது.

*ஆடுகளால் ரயில் தாமதம். தார்ன்பெக்கில் டிக்கெட் முடிந்ததால் இறங்கினேன். இறங்க வேண்டியதில்லை என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். திரும்பி ஏறுவதற்குள் ரயில் போய்விட்டது. என் குடை அதில் போய்ச் சேர்ந்தது. நான் அடுத்ததில் போனேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும்.*

மொய்ரா தோளுக்கு மேலாகப் படித்தாள். "காசு கேக்குற எடத்துல மன்னிப்புக் கேக்குற ஒரே ஆளு நீதான்டி."

"மரியாதைக்கு."

"சரி, கீழ பாரு. எவ்வளவு லேட்டுன்னு ஒரு கட்டம் தொடணும். ஒண்ணுதான் தொட முடியும். அட, ஒரு மணிக்கு மேலயே தொடு. மேலதான் எல்லாத்தையும் ஒளறி வெச்சிருக்கியே. அவன் பாத்து முடிவு பண்ணட்டும்."

அது நியாயமாகத்தான் இருந்தது. கிளெண்டா கட்டங்களைப் பார்த்தாள். வெளியே குழந்தைகள் வரிசையில் நிற்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"குடை எவ்வளவு லேட்டோ," என்றாள், "அதத் தொடறேன்."

தொட்டாள். கால்வாசிக் கட்டம்.

"ஆகஸ்ட் போச்சு," என்றாள் மொய்ரா.

"போச்சு."

"அவன்கிட்ட என்ன சொல்லுவ?"

"இதத்தான் சொல்லுவேன்."

மொய்ரா கருகிய ஃபிஷ் ஃபிங்கர்களைப் பொறுக்கி ஒரு தட்டில் தனியாக வைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் தள்ளினாள். கஸ்டர்டில் அன்றைக்குக் கட்டி விழுந்திருந்தது. குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

8

முடிவுகள்.

(அ) கால்வாசி வந்தது. ஆகஸ்டில் கிளெண்டா வீட்டில் இருந்தாள். தொலைபேசியில் க்ரெய்க்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். பிறகு, "அம்மா, அந்தத் தைலம்—" என்று ஆரம்பி—

இதை எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

(ஆ) கம்பெனியில் அவள் எழுதியதை ஒரு பெண் படிக்கிறாள். குடை என்ற இடத்தில் சிரிக்கிறாள். மறுபடி படிக்கிறாள். இந்த முறை சிரிக்கவில்லை. முழுப் பணத்தையும் அனுப்பச் சொல்லிக் குறிக்கிறாள்.

மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் அந்தப் பெண்ணுக்கு என் முகம் வந்தது. அடித்துவிட்டேன்.

(இ) வகாஸ் விடுப்பு முடிந்து வந்து விஷயத்தைக் கேள்விப்படுகிறார். வண்டியில் தினமும் வருகிறவர்களிடம் தொப்பியை நீட்டி—

கிளெண்டா வாங்கமாட்டாள்.

9

ஆனாலும் அவள் ஆகஸ்டில் ரயிலில் இருக்கிறாள். இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து இருக்கையில் குடை. கையில் தார்ன்பெக் வரைக்குமான டிக்கெட், பைக்குள் இன்னொன்று. பணம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறேன்.

[                                        ]

நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: குடை எவ்வளவு லேட்டோ, அதை எழுதுங்கள்.

வண்டி வேகம் குறைகிறது. தார்ன்பெக். வகாஸ் கதவருகே வந்து நிற்கிறார். இறங்க வேண்டியதில்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கதவு திறக்கிறது. கிளெண்டாவின் கை கோட்டின் முதல் பொத்தானில் இருக்கிறது. போடப் போகிறாளா, சும்மா வைத்திருக்கிறாளா, இங்கிருந்து எனக்குச் சரியாகத் தெரிய—

என் டிக்கெட் இதுவரைக்கும்தான். நீங்கள் கவனித்திருக்கலாம்: கதையின் ஒவ்வோர் எண்ணிலும் நான் இறங்கி இறங்கி ஏறினேன். நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்தீர்கள். அதுதான் சரியான முறை. இப்போதும் எழ வேண்டாம்.

பிளாட்பாரத்தில் நிற்கிறேன். மழை இல்லை. கண்ணாடி வழியே அந்த இருக்கையில் குடை தெரிகிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு பையைத் திறக்கும் சத்தம் கேட்ட மாதிரி இருக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

கதவை மூடலாமா என்று வகாஸ் உங்களைப் பார்க்கிறார்.